300 பேரைத் தாண்டினால் எல்லாரும் இ3-க்கு மாறித்தான் ஆகணுமா? (மைக்ரோசாஃப்ட் 365)

பின்னலாடை_அட்மின்:

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு ஐடி பார்க்கிறேன். இப்போது பிசினஸ் ஸ்டாண்டர்டு 280 லைசென்ஸ் ஓடுகிறது. புது யூனிட் வருவதால் கணக்கு தேவைப்படும் ஆட்கள் 400 ஆகிவிடுவார்கள். அதில் 250 பேர் மெர்ச்சண்டைசிங், அக்கவுண்ட்ஸ், எச்ஆர், டிசைன். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் உண்டு. மற்ற 150 பேர் கட்டிங், செக்கிங், பேக்கிங், ஸ்டோர் சூப்பர்வைசர்கள். பொதுக் கம்ப்யூட்டரிலோ போனிலோ மெயிலும் டீம்ஸும் பார்ப்பதோடு சரி. இவர்களில் பலர் இப்போது ஒரே கணக்கை நாலைந்து பேராகப் பயன்படுத்துகிறார்கள்.

லைசென்ஸ் விற்கும் ரீசெல்லர் சொல்வது: "300-க்கு மேல் போனால் பிசினஸ் பிளான் செல்லாது. 400 பேரையும் மைக்ரோசாஃப்ட் 365 இ3 என்ற பெரிய நிறுவனப் பிளானுக்கு மாற்றணும்." முதலாளி கொட்டேஷனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்.

மற்ற விவரம்:
- பையர் அனுப்பிய பாதுகாப்புக் கேள்வித்தாளில் இரட்டைச் சரிபார்ப்பு, டிஸ்க் என்கிரிப்ஷன், தொலைந்த லேப்டாப்பைத் தூரத்திலிருந்து அழிப்பது, இடிஆர் (கம்ப்யூட்டரில் ஊடுருவலைக் கண்டுபிடித்துத் தடுக்கும் வசதி) எல்லாம் கேட்டிருக்கிறார்கள்.
- ஆபீஸில் விண்டோஸ் ஃபைல் சர்வர் ஒன்று. கணக்கு மென்பொருளான டாலி ஒரு ரிமோட் டெஸ்க்டாப் சர்வரில் (பலர் தங்கள் கம்ப்யூட்டரிலிருந்தே நுழைந்து வேலை செய்யும் சர்வர்), 40 பேர் உள்ளே வருவார்கள்.
- ஆண்டு ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கணும்.

இ3 உண்மையிலேயே வேணுமா?

---

லைசென்ஸ்கணக்கு:

ரீசெல்லர் சொன்னதில் பாதிதான் சரி. 300 என்ற வரம்பு ஒவ்வொரு பிசினஸ் பிளானுக்கும் தனித்தனி. உங்கள் டெனன்டில் (நிறுவனத்தின் மைக்ரோசாஃப்ட் 365 தளம்) மொத்தம் எத்தனை பேர் என்பதற்கு அல்ல. பேசிக் 300, ஸ்டாண்டர்டு 300, பிரீமியம் 300 என்று ஒரே டெனன்டில் வைக்கலாம். அதோடு எஃப்3 (பொதுக் கருவியிலோ போனிலோ வேலை செய்யும் ஆட்களுக்கான மலிவுப் பிளான்), இ3 எதையும் கலந்துகொள்ளலாம். 301-ஆவது பிரீமியம் ஆள் வந்தால் அவருக்கு மட்டும் இ3 போட்டால் போதும், முதல் 300 பேர் இருந்த இடத்தில் இருப்பார்கள்.

உங்கள் ஆட்களைப் பிரித்தால் கணக்கு இப்படி வரும். 2026 ஜூலை முதலான அமெரிக்கப் பட்டியல் விலையில், ஆளுக்கு மாதம்: பிசினஸ் பிரீமியம் 22 டாலர், இ3 39 டாலர், எஃப்3 10 டாலர்.

எல்லாருக்கும் இ3 என்றால் 400 × 39 = 15,600 டாலர்.
250 பிரீமியம் + 150 எஃப்3 என்றால் 5,500 + 1,500 = 7,000 டாலர்.

ரூபாய் விலை வேறு, அதன்மேல் 18% ஜிஎஸ்டி. ஆனால் விகிதம் ஏறக்குறைய இதுதான். பாதிக்கும் கீழே.

அதைவிட முக்கியம், பையர் கேட்ட பட்டியலுக்கு இ3-யைவிடப் பிரீமியம்தான் பொருத்தம். பலருக்கும் இது நம்பச் சிரமம், விலை கூடினால் எல்லாமே கூடும் என்று நினைத்துவிடுகிறோம். பிரீமியத்தில் டிஃபெண்டர் ஃபார் பிசினஸ் என்ற பாதுகாப்பு மென்பொருள் இருக்கிறது, அதில் இடிஆர் உண்டு. இ3-யில் வருவது டிஃபெண்டர் ஃபார் எண்ட்பாயின்ட் பிளான் 1. அதில் இடிஆர் கிடையாது, அதற்குப் பிளான் 2 தனியாக வாங்கணும் அல்லது இ3-க்கும் மேலான இ5 பிளானுக்குப் போகணும். மெயிலில் வரும் லிங்க், அட்டாச்மென்டைச் சோதிக்கும் டிஃபெண்டர் ஃபார் ஆபீஸ் 365 பிளான் 1 பிரீமியத்தில் முன்பே இருக்கிறது. இ3-க்கு 2026 விலை உயர்வோடுதான் சேர்த்துத் தருவதாக அறிவித்தார்கள். கருவிகளை நிர்வகிக்கும் இன்டியூன், கணக்கு உள்நுழைவைக் கட்டுப்படுத்தும் என்ட்ரா ஐடி பி1 இரண்டும் இரண்டு பிளானிலும் உண்டு. ஆக, லேப்டாப்பை அழிப்பது, டிஸ்க் என்கிரிப்ஷனான பிட்லாக்கரின் சாவியைச் சேமிப்பது, நிபந்தனை வைத்து உள்ளே விடுவது எல்லாம் பிரீமியத்திலேயே நடக்கும். உங்களிடம் இப்போதுள்ள ஸ்டாண்டர்டில் இது எதுவும் இல்லை, எனவே ஸ்டாண்டர்டிலேயே தங்குவதும் வழியல்ல.

இ3-க்குக் காசு கொடுப்பது எதற்காக என்று கேட்டால்: விண்டோஸ் என்டர்பிரைஸ், ஆயிரம் பேர் டீம்ஸ் மீட்டிங் (பிசினஸ் பிளான்களில் 300), குரூப் பாலிசியை (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே இடத்திலிருந்து விதி வைப்பது) முழுசாக ஏற்கும் ஆபீஸ் பதிப்பு, உள்ளூர் சர்வர்களுக்கான கேல் (சர்வரைப் பயன்படுத்த ஆளுக்கு வேண்டிய லைசென்ஸ்) உரிமை. உங்களுக்கு இதில் கடைசி ஒன்றுதான் உறைக்கும். கீழே யாராவது சர்வர் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

அப்புறம், "என்டர்பிரைஸ் அக்ரிமென்ட் போட்டால் எண்ணிக்கைத் தள்ளுபடி" என்று அடுத்து வருவார்கள். அதற்குக் குறைந்தது 500 பேர் வேணும். ஆன்லைன் சேவைகளுக்கு இருந்த அளவுவாரித் தள்ளுபடியையும் 2025 நவம்பரில் எடுத்துவிட்டார்கள்.

---

மெயில்வண்டி:

எஃப்3 நல்ல யோசனைதாங்க, ஆனா கண்ண மூடிட்டு மாத்தீராதீங்க. எஃப்3 மெயில்பாக்ஸ் 2 ஜிபிதான், ஒன்டிரைவும் 2 ஜிபி. ஸ்டாண்டர்டுல 9 ஜிபி சேர்த்து வெச்சிருக்கிற பேக்கிங் சூப்பர்வைசர எஃப்3-க்கு மாத்துன உடனே அவருக்கு மெயில் வரவும் வராது, போகவும் போகாது. ஒன்டிரைவ் படிக்க மட்டும் திறக்கும். ஷிப்மென்ட் அன்னைக்கு இது நடந்தா உங்க போன் அணையாது.

மாத்தறதுக்கு முன்னாடி அட்மின் சென்டர்ல ரிப்போர்ட்ஸ், யூசேஜ், எக்ஸ்சேஞ்ச், மெயில்பாக்ஸ் யூசேஜ்னு போய் லிஸ்ட்ட டவுன்லோட் பண்ணுங்க. 1.5 ஜிபிக்கு மேல இருக்கறவங்கள தனியா பிரிங்க. பழச அழிக்கச் சொல்லுங்க, இல்லாட்டி அவங்களுக்கு பிசினஸ் பேசிக் குடுங்க. அழிச்சதுக்கு அப்புறம் "ரெக்கவரபிள் ஐட்டம்ஸ்"ல கிடக்கறது 14 நாள் கழிச்சுத்தான் போகும், ஆனா அது மெயில்பாக்ஸ் கணக்குல சேராது, பயப்பட வேண்டாம்.

இன்னும் மூணு விஷயம்:

எஃப்3-ல டெஸ்க்டாப் அவுட்லுக் கிடையாது. பிரவுசர், போன் மட்டும். பொதுக் கம்ப்யூட்டர்ல எட்ஜ்ல திறந்துக்கலாம்.

யாருக்கு எஃப்3 குடுக்கலாம்னு மைக்ரோசாஃப்ட் விதி இருக்குது. அவங்க முக்கியமா வேலை செய்யற கருவி ஷிஃப்ட்டுல பலர் மாறி மாறி பயன்படுத்தறதா இருக்கணும், இல்லாட்டி திரை 10.9 அங்குலத்துக்குக் கீழ இருக்கணும். தனி லேப்டாப் வெச்சிருக்கற அக்கவுண்ட்ஸ் பையனுக்கு செலவு குறைக்க எஃப்3 போட்டா விதிமீறல்.

ஒரே கணக்க நாலு பேர் பயன்படுத்தறத இன்னைக்கே நிறுத்துங்க. அது லைசென்ஸ் விதிக்கும் ஆகாது, இரட்டைச் சரிபார்ப்புக்கும் ஆகாது. ஓடிபி யாரு போனுக்கு வரும்? டிஸ்பாட்ச், ஸ்டோர், பர்ச்சேஸ்னு துறை பேர்ல இருக்கற முகவரிய எல்லாம் ஷேர்டு மெயில்பாக்ஸா (பலரும் அவங்கவங்க கணக்குல இருந்து திறக்கற பொது மெயில்பாக்ஸ்) மாத்துங்க. 50 ஜிபி வரைக்கும் லைசென்ஸே வேண்டாம். மாத்துனதும் அந்தக் கணக்குக்கு நேரடி உள்நுழைவத் தடுத்து விட்டுருங்க. உங்க 280-ல இப்படி எத்தனை துறைக்கணக்கு காசு தின்னுட்டு இருக்குதுன்னு மொதல்ல எண்ணிப் பாருங்க. ஒண்ணு மட்டும்: எஃப்3 ஆளு ஷேர்டு மெயில்பாக்ஸ முழுசா கையாள்றது சரியா வராது. அதத் திறந்து பதில் போடற ஆளு பேசிக்காவது வெச்சிருக்கணும்.

---

பின்னலாடை_அட்மின்:

ரொம்ப நன்றி. துறைக்கணக்கு எண்ணிப் பார்த்தேன், 34 இருக்கிறது. எல்லாம் ஸ்டாண்டர்டு லைசென்ஸ்!

டாலி சர்வரில் ஆபீஸ் பற்றி யாராவது சொல்ல முடியுமா? டாலியிலிருந்து எக்செல் எடுக்கணும் என்பதால் அங்கே எக்செல் கட்டாயம். இப்போது பழைய 2016 தனி லைசென்ஸ் இருக்கிறது.

---

சர்வர்_ரூம்:

அந்த 2016-க்கு 2025 அக்டோபர் 14-உடன் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. கழற்றத்தான் வேண்டும்.

ரிமோட் டெஸ்க்டாப் சர்வரில் 365 ஆபீஸ் ஓட, "ஷேர்டு கம்ப்யூட்டர் ஆக்டிவேஷன்" (ஒரே கம்ப்யூட்டரில் பலர் ஆபீஸைப் பயன்படுத்தும்) உரிமை வேண்டும். பிசினஸ் ஸ்டாண்டர்டில் அது கிடையாது. நிறுவினாலும் லைசென்ஸ் பிழை காட்டும், கொஞ்ச நாளில் எடிட் செய்ய விடாது. பிசினஸ் பிரீமியத்தில் உண்டு, இ3-யிலும் உண்டு. எஃப்3-யில் டெஸ்க்டாப் ஆபீஸே இல்லை. ஆகவே டாலிக்குள் வரும் 40 பேரும் பிரீமியம் பட்டியலில் இருக்கிறார்களா என்று சரிபாருங்கள். ஸ்டோர் ஆட்கள் யாராவது டாலியில் சரக்கு வரவு வைத்து எக்செல் எடுப்பார்கள்; அவர்களை எஃப்3-க்குத் தள்ளினால் மாட்டிக்கொள்வீர்கள்.

நிறுவும்போது ஆபீஸ் டெப்ளாய்மென்ட் டூலில், கான்ஃபிகரேஷன் கோப்பில் ஷேர்டு கம்ப்யூட்டர் லைசென்சிங் மதிப்பை 1 என்று வைக்க வேண்டும். சாதாரணமாகத் தரவிறக்கி நிறுவினால் ஆக்டிவேஷன் தகராறு தொடங்கும். சர்வரின் விண்டோஸ் பதிப்பையும் பாருங்கள். சர்வர் 2016, 2019 இரண்டிலும் 365 ஆபீஸுக்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது.

அடுத்து கேல். ஃபைல் சர்வரைத் தொடும் ஒவ்வொருவருக்கும் விண்டோஸ் சர்வர் கேல் தேவை. இ3 வைத்திருந்தால் அதற்குச் சமமான உரிமை சந்தாவுக்குள்ளேயே வந்துவிடும். பிரீமியத்தில் வராது. ஆனால் இதற்காக மட்டும் இ3 எடுப்பது நட்டம். கேல் ஒருமுறை வாங்குவது. சர்வர் வாங்கியபோதே வாங்கியிருக்கக்கூடும், பழைய பில்லைத் தேடுங்கள். கேல் பதிப்பு சர்வர் பதிப்புக்குச் சமமாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும்: 2016 கேல் வைத்துக்கொண்டு 2022 சர்வரைத் தொட முடியாது.

ரிமோட் டெஸ்க்டாப் கேல் (ஆர்டிஎஸ் கேல்) இதிலிருந்து வேறு. அது இ3-யிலும் வராது. "இ3 எடுத்தால் ஆர்டிஎஸ் கேல் இலவசம்" என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

லேப்டாப்களின் விண்டோஸ் பதிப்பையும் இப்போதே பாருங்கள். கடையில் வாங்கியவை பெரும்பாலும் ஹோம் பதிப்பு. ஹோமை என்ட்ராவில் இணைக்க முடியாது. பிரீமியத்தில் உள்ள விண்டோஸ் உரிமை பழைய புரோவிலிருந்து புதிய புரோவுக்குத்தான், ஹோமிலிருந்து அல்ல. இ3-க்கும் அடியில் புரோ இருந்தாக வேண்டும். ஹோம் வைத்திருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் புரோ தனிச் செலவு, இதை எந்தக் கொட்டேஷனிலும் எழுதமாட்டார்கள்.

சர்வர்களுக்கு டிஃபெண்டர் வேண்டுமென்றால் அதுவும் பயனர் லைசென்ஸில் அடங்காது. டிஃபெண்டர் ஃபார் பிசினஸ் சர்வர்ஸ் என்று சர்வருக்கு மாதம் 3 டாலர் துணை லைசென்ஸ் இருக்கிறது. ஃபைல் சர்வருக்கும் டாலி சர்வருக்கும் கட்டாயம் போடுங்கள்; ரான்சம்வேர் முதலில் தேடுவது அந்த இரண்டைத்தான்.

---

நீலமேகம்_99:

கூகுள் வொர்க்ஸ்பேஸ் பார்த்தீங்களா? சீப்பா இருக்குமே.

---

லைசென்ஸ்கணக்கு:

@நீலமேகம்_99 அங்கேயும் ஸ்டார்ட்டர், ஸ்டாண்டர்டு, பிளஸ் மூன்றுக்கும் 300 பேர் வரம்புதான். மெயிலைச் சட்டத் தேவைக்குப் பிடித்து வைக்கும் வால்ட், பிசினஸ் பிளஸிலிருந்துதான் தொடங்கும். மேக்ரோ போட்ட எக்செல் காஸ்டிங் ஷீட்டில் ஓடும் ஏற்றுமதி ஆபீஸை அங்கே கொண்டுபோவது விலைக் கேள்வியே அல்ல. இந்தத் திரியில் அதை விடுவோம்.

---

லாக்_பார்வை:

யாரும் தொடாத ஒன்று. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவின்படி நிறுவனங்கள் லாக்குகளை (யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவுகள்) 180 நாள் வைத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். "இதற்கு இ5 வேண்டும்" என்று விற்பவர்கள் உண்டு. வேண்டாம்.

மைக்ரோசாஃப்ட் 365-இன் பர்வியூ ஆடிட் பதிவு சாதாரண வகையிலேயே 180 நாள் இருக்கும். யார் எந்தக் கோப்பைத் திறந்தார், மெயில் விதியை மாற்றினார் என்பதெல்லாம் அதில் கிடைக்கும். தேடல் திறந்திருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை சரிபார்க்கவும். ஓட்டை என்ட்ராவின் உள்நுழைவு லாக்கில்தான்: இலவசத்தில் 7 நாள், பி1 இருந்தாலும் 30 நாள். பிரீமியமோ இ3-யோ இ5-ஓ, இது மாறாது. அதற்கு மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூரில் சந்தா ஒன்று எடுத்து, என்ட்ராவின் டயக்னாஸ்டிக் செட்டிங்ஸில் சைன்-இன், ஆடிட் லாக் இரண்டையும் இந்தியப் பகுதியில் உள்ள ஸ்டோரேஜ் கணக்குக்கு அனுப்புங்கள். 400 பேருக்கு இதன் செலவு இ5 வித்தியாசத்தோடு ஒப்பிட ஒன்றுமில்லை. இன்றைக்கு இயக்கினால் இன்றிலிருந்துதான் சேரும், பழையது வராது. அதனால் லைசென்ஸ் முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஃபயர்வால் லாக், டாலி சர்வர் லாக் இதில் சேராது, அவற்றைத் தனியாகப் பாருங்கள்.

பையர் அடுத்த ஆண்டு ஆபத்து அளவைப் பார்த்து உள்நுழைவைத் தடுப்பது, அட்மின் அதிகாரத்தைத் தேவைப்படும்போது மட்டும் தருவது என்று கேட்டால் என்ட்ரா பி2 தேவைப்படும். அப்போதும் இ5-க்குத் தாவ வேண்டியதில்லை. பிரீமியத்தின் மேல் போடும் டிஃபெண்டர் சூட் துணை லைசென்ஸ் 2025 செப்டம்பரில் வந்தது, ஆளுக்கு 10 டாலர், அதில் பி2 இருக்கிறது.

---

பின்னலாடை_அட்மின்:

அப்படியானால் பிரீமியம் 250, எஃப்3 150, துறைக்கணக்கு எல்லாம் ஷேர்டு. மாற்றும் வரிசை எப்படி? சீசனுக்கு மட்டும் வரும் ஆட்களும் 30 பேர் போல இருப்பார்கள்.

---

லைசென்ஸ்கணக்கு:

முதலில் தேதி. ஆண்டு ஒப்பந்தத்தில் எண்ணிக்கையைக் கூட்ட எப்போதும் முடியும். குறைக்கவோ ரத்து செய்யவோ, வாங்கிய அல்லது புதுப்பித்த நாளிலிருந்து 7 நாள்தான். அதைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுவரை கட்டியே ஆக வேண்டும். தானாகப் புதுப்பிக்கும் அமைப்பு இருந்தால் பழைய 280 ஸ்டாண்டர்டும் மறுபடி ஓராண்டுக்கு உட்கார்ந்துவிடும். புதுப்பிக்கும் நாளில் ஸ்டாண்டர்டு எண்ணிக்கை என்னவாக வேண்டும் என்பதை ரீசெல்லரிடம் இப்போதே மெயிலில் எழுதிக் கொடுத்து, புதுப்பித்த மறுநாளே அட்மின் சென்டரில் நீங்களே பாருங்கள். ஏழாவது நாள்வரை வைத்திருக்காதீர்கள், நடுவில் ஞாயிறு வரும்.

ஸ்டாண்டர்டிலிருந்து பிரீமியத்துக்கு ஒப்பந்தத்தின் நடுவிலேயே ஏறலாம். இறங்குவதுதான் புதுப்பிக்கும்போது மட்டும். எனவே பிரீமியம் ஏற்றத்தை இந்த மாதமே முடித்து, எஃப்3 இறக்கத்தைப் புதுப்பிப்பு நாளுக்கு ஒட்டி வைப்பது நல்லது.

சீசன் 30 பேருக்கு மாதாந்திர ஒப்பந்தத்தில் தனி எஃப்3 வாங்குங்கள். விலை 20% கூடும், ஆனால் மூன்று நான்கு மாதத்துக்கு ஆண்டு முழுக்கக் கட்டுவதைவிடக் குறைவு. மற்றவர்களுக்கு ஆண்டுத் தொகையை மொத்தமாகக் கட்ட முடிந்தால் கட்டுங்கள். ஆண்டு ஒப்பந்தத்தை மாதாமாதம் கட்டினால் 2025 ஏப்ரலிலிருந்து 5% கூடுதல்.

---

மெயில்வண்டி:

மாத்தற வரிசை: துறைக்கணக்குகள மொதல்ல ஷேர்டா மாத்துங்க, லைசென்ஸ அப்புறமா எடுங்க. தலைகீழா செஞ்சா மெயில்பாக்ஸ் துண்டாயிரும், 30 நாள்ல அழிஞ்சும் போகும்.

ஆளுக்கு மாத்தும்போது புது லைசென்ஸ் டிக், பழச நீக்கறது ரெண்டையும் ஒரே சேவ்ல பண்ணுங்க. குரூப் வழியா குடுத்தா (பிரீமியத்துல அந்த வசதி இருக்குது) ஒரு ஆள் ரெண்டு குரூப்லயும் நிக்காம பாத்துக்கங்க. ரெண்டு எக்ஸ்சேஞ்ச் பிளான் மோதுச்சுன்னா எர்ரர்ல நிக்கும், அட்மின் சென்டர் தேடிப் போனாத்தான் தெரியும்.

செக்யூரிட்டி டிஃபால்ட்ஸ (மைக்ரோசாஃப்ட் தர்ற அடிப்படைப் பாதுகாப்பு அமைப்பு) நிறுத்துனாத்தான் கண்டிஷனல் ஆக்சஸ் (நிபந்தனை வெச்சு உள்ள விடறது) பாலிசிய ஆன் பண்ண முடியும். நிறுத்தறதுக்கு முன்னாடியே பாலிசிய எல்லாம் "ரிப்போர்ட் ஒன்லி"ல (தடுக்காம பதிவு மட்டும் பண்றது) எழுதி வெச்சு ஒரு வாரம் லாக்கப் பாருங்க. ரெண்டு அவசர அட்மின் கணக்க பாலிசியிலிருந்து விலக்கி, அதோட பாஸ்வேர்டயும் இரட்டைச் சரிபார்ப்புச் சாவியையும் பூட்டி வைங்க. அந்த ரெண்டும் உங்க கையில இருக்கணும், ரீசெல்லர் கையில இல்ல.

மொதல் நாள் கண்டிப்பா நிக்கறது ஸ்கேனர்தான். ஸ்கேன் பண்ணி மெயில் அனுப்பற மெஷின் எல்லாம் சாதா பாஸ்வேர்டுல உள்ள வரும், பாலிசி அதத் தடுத்துரும். நிலையான ஐபி இருந்தா எக்ஸ்சேஞ்ச்ல கனெக்டர் போட்டு 25-ஆம் போர்ட் வழியா அனுப்புங்க. நெட் குடுக்கறவங்க 25-ஐ மூடி வெச்சிருப்பாங்க, முன்கூட்டியே போன் போட்டு திறக்கச் சொல்லுங்க. டாலியிலிருந்து பார்ட்டிக்கு இன்வாய்ஸ் மெயில் போகுதுன்னா அதுவும் இதே கதைதான்.

பழைய ஆண்டிவைரஸ் இருக்கற மெஷின்ல டிஃபெண்டர் தானா பின்வாங்கி நிக்கும். பையர் ஆடிட்டுக்கு முன்னாடி அத முழுசா கழட்டுங்க, அதோட சந்தா எப்ப முடியுதுன்னும் பாத்துட்டு அந்தக் காச பிரீமியம் கணக்குல கழிச்சு முதலாளிகிட்ட காட்டுங்க.